டர்ட்டி ஹாரி: நம்மூர் கோர்ட்டாக இருந்தால் அந்தக் கொலைகாரன் வெளியே வந்திருப்பானா?

செல்லூர்_கதிர்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டில் நான், அப்பா, தம்பி மூன்று பேரும் டர்ட்டி ஹாரி பார்த்தோம். 1971-இல் டான் சீகல் எடுத்த படம், கிளின்ட் ஈஸ்ட்வுட் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் இன்ஸ்பெக்டர் ஹாரி காலஹானாக வருகிறார். படம் முடிந்து அரை மணி நேரம் வீட்டில் ஒரே வாக்குவாதம், இன்னும் ஓயவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கார்ப்பியோ என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதும் ஒருவன், மொட்டைமாடி நீச்சல் குளத்தில் குளிக்கும் பெண்ணைத் தூரத்துக் கட்டடத்திலிருந்து சுடுகிறான். ஒரு லட்சம் டாலர் தராவிட்டால் கொலை தொடரும் என்று மிரட்டுகிறான். அப்புறம் 14 வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியைக் கடத்தி மண்ணுக்குள் அடைத்துவிட்டு, விடிகாலை மூன்று மணி வரைதான் அவளுக்கு மூச்சுக்காற்று இருக்கும், இரண்டு லட்சம் டாலர் கொண்டு வா என்கிறான். ஹாரி மஞ்சள் பையில் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு போன் பூத்தாக ஓடுகிறார், பார்க்கிற நமக்கே மூச்சு வாங்குகிறது. கடைசியில் அவன் தங்கியிருப்பது கேசார் ஸ்டேடியத்தில் என்று தெரிந்து, வாரண்ட் எதுவும் இல்லாமல் வேலி ஏறிக் குதித்து உள்ளே போய், மைதானத்தின் நடுவில் அவனைச் சுட்டு வீழ்த்தி, ஏற்கெனவே புண்ணாகிக் கிடந்த அவன் காலின் மேல் பூட்ஸ் காலால் ஏறி நின்று பிள்ளை எங்கே என்று கேட்கிறார். அவன் வக்கீல் வேண்டும் வக்கீல் வேண்டும் என்று கத்துகிறான். இடம் தெரிகிறது, ஆனால் பிள்ளை பிணமாகத்தான் கிடைக்கிறாள்.

இதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்தது. அரசு வக்கீல் ஹாரியைக் கூப்பிட்டு, நீ வாரண்ட் இல்லாமல் போனாய், அவனைச் சித்திரவதை செய்தாய், அதனால் அங்கே எடுத்த துப்பாக்கியும் செல்லாது, அவன் சொன்னதும் செல்லாது, கேஸே கிடையாது, அவனை விட்டுவிடப் போகிறோம் என்கிறார். விட்டும் விடுகிறார்கள். அவன் அடுத்து ஒரு ஸ்கூல் பஸ்ஸைக் கடத்துகிறான்.

அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். "நம்ம ஊரில் இப்படியெல்லாம் விடமாட்டார்கள்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். என் தம்பி எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறான், தினமும் காலையில் ஐந்து மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு ஓடப் போகிறான், உண்மையிலேயே உழைக்கிற பையன். ஆனால் அவன் பேசும் பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டம் போலீசின் கையைக் கட்டிப் போட்டால் இதுதான் நடக்கும், வேலைக்குப் போனதும் நான் முதலில் நாலு பேருக்கு மாவுக்கட்டுப் போட்டுவிட்டுத்தான் விசாரணையே ஆரம்பிப்பேன் என்கிறான். அவனை அடக்கிப் பேச எனக்குச் சட்டம் தெரியாது.

என் கேள்வி இதுதான். இதே சம்பவம் மதுரையில் நடந்திருந்தால் அந்தத் துப்பாக்கி கோர்ட்டில் செல்லுமா, செல்லாதா? அவன் சொன்ன வாக்குமூலம் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், தம்பிக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

ஒத்தக்கடை_வழக்கறிஞர்

கதிர் தம்பி, நல்ல கேள்வி. நான் கிரிமினல் பக்கம்தான் தொழில் செய்கிறேன், இந்தப் படத்தை ஜூனியராக இருந்தபோதே பார்த்து இதே கேள்வியை என் சீனியரிடம் கேட்டிருக்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னது துப்பாக்கி விஷயத்தில் சரி. அமெரிக்காவில் சட்டவிரோதமாகத் தேடி எடுத்த பொருளை வழக்கில் காட்டவே முடியாது என்பதை 1961-இல் மாப் வழக்கில் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும் விதியாக்கினார்கள். காவலில் இருப்பவனிடம், நீ வாய் திறக்க வேண்டியதில்லை, வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்பது 1966-இல் மிராண்டா வழக்கில் வந்தது. படம் வந்தது 1971. அந்தத் தீர்ப்புகள் மேல் அங்கே பலருக்கு இருந்த கோபம்தான் அந்த அரசு வக்கீல் காட்சி.

நம்மூரில் அப்படி இல்லை. தேடிய முறையில் கோளாறு இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைத்த பொருளைத் தள்ளிவிட மாட்டார்கள். 1973-இல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது வருமான வரிச் சோதனை பற்றிய வழக்கு, ஆனால் கிரிமினல் வழக்குகளிலும் அதைத்தான் பிடித்துக்கொள்கிறோம். வழக்குக்குச் சம்பந்தமுள்ள சாட்சியமா என்பதுதான் கேள்வி. அதற்காக எப்படி வேண்டுமானாலும் தேடலாம் என்று தம்பி எடுத்துக்கொள்ளக் கூடாது. அவசரத்தில் வாரண்ட் இல்லாமல் தேடலாம், ஆனால் ஏன் அவசரம் என்று எழுதி வைத்துவிட்டுத் தேட வேண்டும், அது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 185. தேடுவதையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 105 சொல்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டால் துப்பாக்கி உள்ளே வரும், ஆனால் குறுக்கு விசாரணையில் அது எங்கே எடுத்தது, யார் கொண்டு வந்து வைத்தது என்று நான் கேட்கும்போது இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்.

ஆக, அந்தத் துப்பாக்கியும் முந்தைய கொலையில் எடுத்த குண்டும் ஒத்துப்போகின்றன என்று தடயவியல் அறிக்கை வந்தால் போதும், இங்கே ஸ்கார்ப்பியோ ரிமாண்டில்தான் இருப்பான்.

வாக்குமூலம் விஷயத்தில் நம் சட்டம் அமெரிக்காவைவிடக் கடுமையானது, பலருக்கு இது தெரியாது. அங்கே உரிமையைச் சொல்லிவிட்டு, வற்புறுத்தாமல் வாங்கினால் போலீசிடம் சொன்னதே சாட்சியம். இங்கே எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், போலீசிடம் ஒப்புக்கொண்டது எதுவும் செல்லாது. அடித்து வாங்கினாலும் செல்லாது, டீ வாங்கிக் கொடுத்து வாங்கினாலும் செல்லாது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைத் தம்பிக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அது நம் மண்ணில் பட்ட அடியிலிருந்து வந்தது. மதராஸ் மாகாணத்தில் வரி வசூலுக்கும் குற்றம் ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று புகார் கிளம்பி, அதை விசாரிக்க ஒரு கமிஷன் போட்டு, 1855-இல் அறிக்கை வந்தது. விரலைக் கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போட்டு அசைய விடாமல் நிறுத்தும் தண்டனை, எல்லாம் அந்த அறிக்கையில் இருக்கிறது. அப்புறம் 1861-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது என்று எழுதினார்கள். 1872-இல் அது சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஆனது. வெள்ளைக்காரன் தன் போலீசைத் தானே நம்பாமல் எழுதிய விதி, பிரிவு எண் மாறினாலும் இன்றைக்கும் நிற்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. காவலில் இருப்பவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டுபிடித்தால், கண்டுபிடிப்புக்குக் காரணமான அந்த வரி மட்டும் செல்லும். ஆனால் அந்த வரியையே காலில் ஏறி நின்று வாங்கியிருந்தால்? யாரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3). கட்டாயப்படுத்தி வாங்கினால் அந்த விதிவிலக்கும் உதவாது என்று 1961-இல் காத்தி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்து சொன்னார்கள். அதாவது துப்பாக்கியை வைத்தே உள்ளே தள்ளியிருக்கக் கூடிய ஒரு வழக்கில், காலில் ஏறி நின்றதால் ஹாரி பிள்ளை கிடந்த இடத்தை இவனோடு சேர்க்கும் கண்ணியைத் தானே அறுத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற_ஏட்டு

தம்பி, நான் காவல் துறையில் 34 வருஷம் இருந்தவன். வக்கீல் சார் சொன்னது ஏடு, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

படத்தின் முதல் காட்சியைக் கவனித்தீர்களா, பணியில் இறந்த சான் பிரான்சிஸ்கோ போலீஸ்காரர்களின் பெயர்களைக் கல்லில் வரிசையாகக் காட்டுவார்கள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. என்னோடு பாரா பார்த்தவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. அதனால் ஹாரியின் கோபம் எனக்குப் புரிகிறது, அதைத் தப்பு என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் 1990களின் நடுவில் நான் வேலை பார்த்த ஒரு ஸ்டேஷனில் நடந்ததைக் கேளுங்கள். தொடர்ச்சியாக வீடு உடைப்பு, ஏழெட்டு வீடு. ஒரு பழைய குற்றவாளியைத் தூக்கி வந்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள், ரெக்கார்டில் ஏற்றவில்லை. அடித்ததில் நகை இருந்த இடத்தைச் சொல்லிவிட்டான், நகையும் கிடைத்தது. எல்லாரும் பாராட்டினார்கள். அப்புறம்தான் பேப்பர் வேலை. மூன்றாவது நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்தின் பேரில் பிடித்ததாக எழுதினோம். நகையைக் கைப்பற்றியதற்கு எழுதும் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட வழக்கம்போல வி.ஏ.ஓ.வையும் அவர் தலையாரியையும் கூப்பிட்டோம். கோர்ட்டில் அந்த வி.ஏ.ஓ., பாவம், நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவர். கையெழுத்து எங்கே போட்டீர்கள் என்று எதிரியின் வக்கீல் கேட்டதும், ஸ்டேஷனில் வைத்துத்தான் போட்டேன் சார் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், நகை எடுத்த கதை முழுவதும் படுத்துவிட்டது. எதிரி விடுதலை. அவன்தான் திருடன் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. அவன் கோர்ட் வாசலில் பீடி பற்ற வைத்துக்கொண்டு நடந்து போனதை நான் எதிர் டீக்கடையில் நின்று பார்த்தேன். அவனை வெளியே விட்டது சட்டமில்லை தம்பி, நாங்கள்தான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஸ்டேஷனுக்கு மாற்றல். அங்கே இருந்த எஸ்.ஐ. அய்யா ஒல்லியாக, சத்தம் போட்டுப் பேசாதவராக இருப்பார், சினிமாவில் அவரைப் போலீசாகவே போட மாட்டார்கள். ஒரு கிழவியைக் கொன்று தாலிக்கொடியை எடுத்துப் போன கேஸ். பதினோரு நாள் நானும் அவரும் சைக்கிளில் அடகுக்கடை அடகுக்கடையாக ஏறி இறங்கினோம். கடைக்காரர்கள் நோட்டை எடுத்துக் கொடுப்பார்கள், அய்யா விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவார். பதினோராம் நாள் ஒரு கடையில், கிராமுக் கணக்கும் தேதியும் ஒத்துப்போகிற ஒரு வரி, பக்கத்தில் நீல மையில் இடது கட்டைவிரல் ரேகை. வீட்டுப் பித்தளைச் செம்பில் எடுத்த ரேகையோடு அது ஒத்துப்போனது. அந்தக் கேஸில் ஒருவனைக் கூட நாங்கள் கை நீட்டி அடிக்கவில்லை. ஆயுள் தண்டனை ஆனது, அப்பீலிலும் நின்றது.

தம்பியிடம் சொல்லுங்கள், வெயிலில் பதினோரு நாள் நோட்டுப் புரட்டுகிறவனுக்குத்தான் தெம்பு வேண்டும். அடிப்பதற்கு ஒரு நிமிஷக் கோபம் போதும்.

ரீகல்_ரசிகன்

சட்டம் எனக்குத் தெரியாது, படம் தெரியும். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ரீகலில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்தவன் நான். பகலில் வாசகசாலை, சாயங்காலமானால் அதே கட்டடம் தியேட்டர்.

கேசார் ஸ்டேடியம் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள் கதிர். ஹாரி அவன் காலில் ஏறி நிற்கிறார், அவன் அலறுகிறான், அந்த நேரத்தில் கேமரா ஹெலிகாப்டரில் பின்னோக்கி மேலே எழும்புகிறது. மைதானம் சின்னதாகி, வெள்ளைக் கோடுகள் தெரிந்து, அப்புறம் பனிமூட்டத்தில் இருட்டாகிவிடுகிறது. லாலோ ஷிஃப்ரினின் இசையும் அந்த இடத்தில் நம் வயிற்றைப் பிசைகிறது. ஹாரி செய்வது சரி என்று படம் முழு நம்பிக்கையோடு இருந்திருந்தால் கேமரா அங்கேயே நின்றிருக்கும். நம்மை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் இயக்குநர் தன் கலக்கத்தைக் காட்டிய இடம் அது என்றுதான் நான் நினைக்கிறேன். வேறு மாதிரி பார்த்தவர்களும் உண்டு, படம் வந்த சமயத்தில் விமர்சகர் பாலின் கேல் இதைப் பாசிசம் என்ற சொல்லாலேயே தாக்கினார்.

இன்னொன்று. ஸ்கார்ப்பியோ கற்பனை என்றாலும் அவனுக்குப் பின்னால் ஒரு நிஜம் இருக்கிறது. 1969-இல் ஜோடியாக் என்ற பெயரில் ஒரு கொலைகாரன் சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினான், ஸ்கூல் பஸ் பிள்ளைகளைச் சுடுவேன் என்றும் மிரட்டினான். அவன் கடைசி வரை பிடிபடவே இல்லை. நிஜ ஊரில் மக்கள் பயந்து கிடந்தபோது, திரையிலாவது ஒருவர் அவனைப் பிடித்தார் என்ற ஆறுதலை இந்தப் படம் கொடுத்தது. உங்கள் தம்பிக்கு ரத்தம் சூடாவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, அதற்காகத்தான் எடுத்தார்கள்.

அடுத்த படமான மேக்னம் ஃபோர்ஸ் 1973-இல் வந்தது. அதில் சட்டத்தில் தப்பியவர்களை ஒரு போலீஸ் கூட்டமே ரகசியமாகக் கொன்று தீர்க்கிறது, ஹாரி அவர்களுக்கு எதிராகத்தான் நிற்கிறார். இதைத் தம்பி அவசியம் பார்க்க வேண்டும்.

அதே 1971-இல் தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷனும் வந்தது, நியூயார்க் போதைப்பொருள் துப்பறிவாளர் கதை, சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர். அதில் ஜீன் ஹாக்மேனின் டாயில் ஹாரியைவிட முரடர். கடைசியில் என்ன ஆகிறது தெரியுமா, இருட்டில் தவறாகத் தங்கள் தரப்பு அதிகாரி ஒருவரையே சுட்டுக் கொன்றுவிடுகிறார், பெரிய புள்ளி தப்பித்துவிடுகிறான். முரட்டுத்தனம் குறி தவறும் என்று காட்ட அந்தப் படத்துக்குத் தைரியம் இருந்தது. எனக்கு அதுதான் மேலான படம்.

மேலூர்_செல்வி

இந்த விவாதத்தை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

எங்கள் அண்ணன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை பார்க்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது. அந்த வீட்டுக்கு விசேஷத்துக்குப் பூ கொண்டு போய்க் கொடுத்தவர் அண்ணன், அவ்வளவுதான் சம்பந்தம். ராத்திரி பதினோரு மணிக்கு வந்து, சும்மா ஒரு விசாரணை, காலையில் அனுப்பிவிடுவோம் என்று கூட்டிப் போனார்கள். மூன்று நாள் அனுப்பவில்லை. எந்த ஊர் எந்த ஸ்டேஷன் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. நானும் அம்மாவும் வாசலில் இருந்த வேப்ப மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தோம். உள்ளே சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டு மாதம் கழித்து நகையை எடுத்தவர் அந்த வீட்டைச் சேர்ந்த ஒருவரே என்று தெரிந்தது. அண்ணனிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. மல்லிகையை அள்ளித் தராசில் போடும்போது அந்த இரண்டு விரலுக்கு நடுவில் பூ வழிந்து கீழே விழும். இப்போது இடது கையால் அள்ளப் பழகிக்கொண்டார்.

கதிர் அண்ணா, நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். படம் ஆரம்பித்த சில நிமிடத்திலேயே துப்பாக்கிக்குப் பின்னால் யார் இருக்கிறான் என்று நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அவன்தான் கொலைகாரன் என்பதில் நமக்கு ஒரு சொட்டுச் சந்தேகமும் கிடையாது. அதனால்தான் ஹாரி காலில் ஏறி நிற்கும்போது நாமும் கூட நிற்கிறோம். எங்கள் அண்ணனைக் கூட்டிப் போனவர்களும் அப்படித்தான் நம்பினார்கள், அவர்களுக்கு முதல் காட்சியை யாரும் காட்டவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். உங்கள் தம்பி வேலைக்குப் போனால் அவருக்கும் யாரும் காட்ட மாட்டார்கள்.

செல்லூர்_கதிர்

செல்வி, உங்கள் பதிவைத் தம்பிக்கு நான் படித்துக் காட்டவில்லை, போனை அவன் கையில் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது, அந்த அண்ணனுக்குச் சிகிச்சை ஏதாவது பார்த்தார்களா என்று மட்டும் கேட்டான். உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னான்.

அப்புறம் ராத்திரி அவனே ஒரு கேள்வி கேட்டான், அது நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. சரி, அவன்தான் கடத்தினான் என்பது நூற்றுக்கு நூறு உறுதி, பிள்ளை உயிரோடு மண்ணுக்குள் இருக்கிறாள், மூன்று மணி ஆகப் போகிறது, அப்போது ஒரு போலீஸ்காரன் என்னதான் செய்ய வேண்டும் என்கிறான். ஏட்டு அய்யா, வக்கீல் சார், இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_ஏட்டு

தம்பி, இந்தக் கேள்வியை நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என் பேத்தி இருந்தால் என் கை சும்மா இருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அடி தாங்காதவன் வாய்க்கு வந்த இடத்தைச் சொல்வான், அங்கே போய்த் தோண்டிக்கொண்டிருக்கும்போது நேரம் போய்விடும். எங்கள் கண் முன்னால் நடந்திருக்கிறது, இல்லாத கிணற்றைச் சொல்லி எங்களைக் கொட்டாம்பட்டி வரைக்கும் அலைய விட்டவன் உண்டு. அந்தப் படத்திலேயே ஹாரி அவ்வளவு செய்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லையே. அவன் தங்கியிருந்த அறையைத் தேடுவது, பூட்ஸில் ஒட்டிய மண் எந்தப் பக்கத்து மண் என்று பார்ப்பது, அவன் வண்டியை யார் பார்த்தார்கள் என்று விசாரிக்க ஐம்பது பேரை இறக்குவது, நான் இதைத்தான் முதலில் செய்வேன்.

செல்விம்மா, உங்கள் அண்ணனிடம் நான் யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்த உடுப்பைப் போட்டிருந்தவன் ஒருவன் மன்னிப்புக் கேட்டான் என்று சொல்லுங்கள்.

ஒத்தக்கடை_வழக்கறிஞர்

தம்பி கேட்டதற்குச் சட்டம் ஒரே பதில்தான் சொல்கிறது. ஒப்புதலோ தகவலோ வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் அது குற்றம், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 330, 331, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் 120. சாதாரணக் காயத்துக்கு 7 வருஷம் வரை, கொடுங்காயத்துக்கு 10 வருஷம் வரை. அவசரம் என்பதற்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. நம் பக்கத்தில் 2020 சாத்தான்குளம் சம்பவத்தில், செல்போன் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும் இறந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை யாரும் மனுப் போடும் வரை காத்திருக்காமல் தானாகவே எடுத்து விசாரித்தது. அங்கே எந்தப் பிள்ளையும் மண்ணுக்குள் இல்லை, எந்த மூன்று மணியும் நெருங்கவில்லை, ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது பற்றிய பேச்சில் ஆரம்பித்தது. ஸ்டேஷனின் சி.சி.டி.வி. பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அதற்குப் பிறகுதான் பலருக்கும் உறைத்தது. அதே வருஷம் டிசம்பரில் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் உத்தரவு போட்டது.

மிராண்டா வழக்கின் மிச்சக் கதையையும் தம்பிக்குச் சொல்லுங்கள். வாக்குமூலம் செல்லாது என்று தண்டனையை ரத்து செய்தார்களே, அதோடு அந்த ஆள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1967-இல் மறு விசாரணை நடந்து, அந்த வாக்குமூலத்தைத் தொடாமலே மற்ற சாட்சியங்களை வைத்து மறுபடி தண்டனை கொடுத்தார்கள். படம் இந்தப் பாதியைக் காட்டவில்லை.

தேர்வுக்கு உதவும் என்பதால் எண்களையும் தருகிறேன், பழைய புத்தகத்தில் படித்துக் குழம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள். சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 மூன்றும் இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் ஒரே பிரிவாக 23-இல் இருக்கின்றன. இனி வருபவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து பி.என்.எஸ்.எஸ். சட்டத்துக்கு மாறிய எண்கள்: மாஜிஸ்திரேட் முன் ஒப்புதல் வாக்குமூலம் 164 இப்போது 183. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கக் கூடாது என்பது 57-லிருந்து 58. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமை 41டி-யிலிருந்து 38. இதோடு டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கைது விதிகளையும் ஒரு முறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மேலூர்_செல்வி

கதிர் அண்ணா, பெரியாஸ்பத்திரியில் காட்டினோம், நரம்பு அறுந்த இடத்தில் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். வலி இல்லை, மடங்காது, அவ்வளவுதான். ஏட்டு அய்யா எழுதியதை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். மறுபடி ஒரு தடவை படி என்றார், படித்தேன். உங்கள் தம்பி தேர்வு எழுதும் தேதியைச் சொல்லுங்கள், அன்றைக்கு மீனாட்சியம்மனுக்கு அண்ணன் கையால் ஒரு முழம் பூ எடுத்து வைக்கச் சொல்கிறேன்.